மூக்கு ஆபரேஷனும் ஒரு சிவப்புப் பென்சில் கோடும்

போன மாதம் பிரியா என்ற பெண் போன் செய்தாள். நான் வேலை பார்த்த இன்சூரன்ஸ் கம்பெனியின் அம்பத்தூர் கிளையில் இப்போது மருத்துவக் காப்பீட்டைப் பார்ப்பவள். நேரில் பார்த்ததில்லை. "மேடம், மூக்கு ஆபரேஷன் கிளெய்ம் வந்தா நீங்க ஒரு கேள்வி கேப்பீங்களாமே? இங்க பழைய ஆளுங்க எல்லாம் சொல்றாங்க. ஆனா என்ன கேள்வின்னு யாருக்கும் சரியாத் தெரியல" என்றாள்.

வேலையை விட்டு இத்தனை வருடம் கழித்தும் என் பேரைச் சொல்ல ஒரு கேள்வி அங்கே மிஞ்சியிருக்கிறது என்று கேட்டதும் கொஞ்சம் தலைக்கனமாகத்தான் இருந்தது. கேள்வியைச் சொல்ல அரை நிமிடம் ஆனது. அது என்னிடம் எப்படி வந்தது என்பதை அரை நிமிடத்தில் சொல்ல முடியாது. சொன்னால் தலைக்கனமும் இறங்கிவிடும். அதனால் எழுதுகிறேன்.

என் அப்பா ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் கடைசல் பிடிக்கும் டர்னர். திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்து குவார்ட்டர்ஸில் குடியேறியவர். நான் அங்கேயே பிறந்து, அங்கேயே டைப்ரைட்டிங் படித்து, எண்பதுகளின் தொடக்கத்தில் இந்தக் கம்பெனியில் உதவியாளராகச் சேர்ந்தேன். லாரி விபத்து, எஸ்டேட் என்று நாங்கள் சொல்லும் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தீப்பிடித்த குடோன், இவைதான் எங்கள் தினசரி. சில வருடம் கழித்து மருத்துவக் காப்பீடு வந்தது. மூன்று நாள் மவுண்ட்ரோட்டில் இருந்த பெரிய ஆபீஸில் உட்காரவைத்துப் பாடம் நடத்தி, ஒரு தடிமனான சுற்றறிக்கையைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். லாரியின் ரேடியேட்டர் தெரிந்த எனக்கு மனுஷனின் மூக்கு அப்படித்தான் அறிமுகமானது.

இன்று போல ஆஸ்பத்திரியில் அட்டையைக் காட்டிவிட்டுப் படுத்துக்கொள்வதெல்லாம் அப்போது கிடையாது. முதலில் கைக்காசைப் போட்டு ஆபரேஷன் செய்துகொள்ள வேண்டும். பிறகு பில்லைச் சேகரித்துக்கொண்டு எங்களிடம் வர வேண்டும். சின்ன நர்சிங் ஹோம்களில் லெட்டர்பேடில் 'மூக்கு ஆபரேஷன்' என்று எழுதி ஒரே தொகையைப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். அதைத் திருப்பி அனுப்பி, டாக்டருக்கு எவ்வளவு, மயக்கம் கொடுத்தவருக்கு எவ்வளவு, தியேட்டருக்கு, அறைக்கு, மருந்துக்கு எவ்வளவு என்று பிரித்து வாங்கிவரச் சொல்வேன். பாதிப்பேர் அந்த இரண்டாவது நடைக்கே சலித்துப்போவார்கள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் சம்பளம் ஒரு வரம்புக்குள் இருக்கும்வரை தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் இலவச வைத்தியம் உண்டு. போர்மேன், சூப்பர்வைசர் என்று உயர்வு கிடைத்து வரம்பைத் தாண்டினால் அது போய்விடும். அப்படிப்பட்டவர்களுக்காகச் சில முதலாளிகள் எங்களிடம் குழு பாலிசி எடுத்தார்கள். எங்கள் கவுண்டருக்கு வந்தவர்களில் நிறையப் பேர் பதவி உயர்ந்ததால் ஆஸ்பத்திரியை இழந்தவர்கள்தான்.

மூக்கு அளவுக்கு எங்களைச் சண்டைக்கு இழுத்த உறுப்பு வேறு இல்லை. சைனஸ் என்றால் முதல் வருடம் பணம் கிடையாது. அழகுக்காக நிமிர்த்தினால் எப்போதுமே கிடையாது. பாலிசி எடுக்கும் முன்பே இருந்த கோளாறு என்றாலும் கிடையாது. மூக்கின் நடுத்தண்டு வளைந்திருந்தால் இந்த மூன்றில் ஏதாவது ஒன்றைச் சொல்லி நிறுத்திவிடலாம். நானும் சந்தோஷமாக நிறுத்திக்கொண்டிருந்தேன். பைலில் எந்த இடத்தில் சிவப்புப் பென்சிலால் கோடு போட வேண்டும் என்பது அப்போது எனக்கு அத்துப்படி.

எங்கள் மேனேஜர் ஞானமுத்து சார் பாளையங்கோட்டைக்காரர். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. பைலைக் கொடுத்தால் உடனே பிரிக்க மாட்டார். கண்ணாடியைக் கழற்றி அதன்மேல் வைத்துவிட்டு, பிளாஸ்கிலிருந்து வெந்நீரை ஊற்றிக் குடித்துவிட்டு, "நீங்க சொல்லுங்கம்மா" என்பார். நாம் சொல்லும்போது எங்கே அவசரப்படுகிறோமோ அந்தப் பக்கத்தைத்தான் பிறகு பிரிப்பார். அது எப்படித் தெரியும் என்று கடைசிவரை எனக்கு விளங்கவில்லை.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. வேறு எந்தக் கிளையிலும் அப்படி இல்லை. பணம் கிடையாது என்ற கடிதத்தைத் தபாலில் அனுப்ப விடமாட்டார். கடிதம் இங்கிலீஷில் இருக்கும். அதை டைப் அடித்தவரே, சம்பந்தப்பட்ட ஆளை வரவழைத்து, எதிரே உட்காரவைத்து, வரி வரியாகத் தமிழில் படித்துச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் சார் கையெழுத்துப் போடுவார். இது எனக்குப் பிடிக்கவே இல்லை. ஒரு கல்யாண மாப்பிள்ளை, நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் மூக்கை எடுப்பாக்கிக்கொண்டு, மூச்சுத்திணறல் என்று எழுதி வாங்கி வந்தான். அவனுக்குப் படித்துச் சொல்ல மட்டும் நல்ல உற்சாகமாக இருந்தது. மற்றவர்களுக்குப் படிக்கும்போது மேஜையைப் பார்த்தே படித்து முடித்துவிடுவேன்.

இந்தப் பழக்கம் கடிதத்துக்கு மட்டும்தான். கவுண்டரில் வாயால் கேட்டுவிட்டுப் போகிறவர்களுக்குக் கிடையாது. எஸ்டேட்டில் மோட்டாருக்குக் காயில் சுற்றும் யூனிட் ஒன்றிலிருந்து ஒரு பெண் ஒரு மத்தியானம் வந்தாள். முப்பது வயதிருக்கலாம். சாப்பாட்டு நேரத்தில் ஓடி வந்திருந்தாள், நீல ஏப்ரனைக் கூடக் கழற்றவில்லை. டாக்டர் மூக்கில் ஆபரேஷன் செய்யச் சொல்கிறார், தன் யூனிட்டில் எல்லோருக்கும் எடுத்திருக்கும் குழு பாலிசியில் பணம் கிடைக்குமா என்று கேட்டாள். மூக்கடைத்த குரல். எவ்வளவு நாளாக இருக்கிறது என்று கேட்டேன்.

"சின்ன வயசுலேர்ந்தே கீது மேடம்."

"அப்ப கிடைக்காதும்மா."

"சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டு, தாங்க்ஸும் சொல்லிவிட்டுப் போனாள். அரை நிமிடம்கூட ஆகவில்லை. வரிசையில் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

முருகேசன் பைல் வந்தது அதற்கு ஒரு வருடம் கழித்து இருக்கும். நெமிலிச்சேரியில் வீடு. எஸ்டேட்டில் போல்ட் நட்டு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் போர்மேன். மூக்குத்தண்டு வளைவுக்கு நர்சிங் ஹோமில் ஆபரேஷன், ஆறாயிரத்துச் சொச்சம் செலவு. அவருடைய மூன்று மாதச் சம்பளம் அது. பில் ஒழுங்காகப் பிரித்து வந்திருந்தது. மூக்கில் திணித்த துணிப்பட்டைக்குக்கூடத் தனியாக விலை போட்டிருந்தார்கள். ஆனால் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில், நோயாளி சொன்ன விவரம் என்ற இடத்தில், மூக்கடைப்பு சிறு வயதிலிருந்து என்று ஒரு வரி. அவர் பெயர் பாலிசியில் சேர்ந்து ஒன்றரை வருடம்தான். சிவப்புக் கோடு போட்டேன். கடிதத்தை அடித்தேன். ஆள் அனுப்பி வரச் சொன்னேன்.

புருஷனும் பெண்டாட்டியுமாக வந்தார்கள். முருகேசன் அதிகம் பேசாத மனுஷன். பெண்டாட்டி சரோஜா அவருக்கும் சேர்த்துப் பேசுகிறவள். பணம் ரெடி, கையெழுத்துப் போடத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, ரெவின்யூ ஸ்டாம்ப் கூட வாங்கி வந்திருந்தாள். அதை மடித்த காகிதத்திலிருந்து எடுத்து மேஜையில் வைத்தாள். நான் வழக்கம்போல மேஜையைப் பார்த்துக்கொண்டே படிக்க ஆரம்பித்தேன்.

"இந்த மூக்கடைப்பு உங்களுக்குச் சின்ன வயசிலிருந்தே இருக்குன்னு ஆஸ்பத்திரில எழுதியிருக்காங்க. பாலிசிக்கு முன்னாலயே இருந்த வியாதிங்கறதால, பணம் கொடுக்கறதுக்கு இல்லை."

முருகேசன் என்னைப் பார்க்கவில்லை. பெண்டாட்டியைப் பார்த்தார்.

"இன்னா மேடம் சொல்றீங்கோ? சின்ன வயசுலேர்ந்தா? எனுக்கா?" என்றார்.

சரோஜாவின் முகம் வெளுத்துவிட்டது. "நான்தான் மேடம் சொன்னேன்" என்றாள். "அந்தச் சின்ன டாக்டரு கேட்டாரு, எத்தினி நாளா கீதுன்னு. இவுரு வாயத் தொறக்கல. சின்ன வயசுலேர்ந்தேன்னு நான் சொல்லிட்டேன்."

"ஏம்மா, இல்லாததை எதுக்குச் சொன்னீங்க?"

"தர்மாஸ்பத்திரிக்குப் போனா அப்பிடித்தான் மேடம் சொல்லுவோம். பத்து நாளா கீதுன்னு சொன்னா மாத்திரய குடுத்து அனுப்சிடுவாங்கோ. சின்ன வயசுலேர்ந்துன்னு சொன்னாத்தான் தலய நிமுந்து பாப்பாங்கோ. எங்கம்மா எனுக்கு அப்பிடித்தான் சொல்லும். நான் எம் புள்ளிங்களுக்கு அப்பிடித்தான் சொல்றேன். மூணு வயசுப் புள்ளிக்கே அப்பிடித்தான் சொன்னேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்காமல் இருந்ததற்கு இன்றைக்கும் என்னை மெச்சிக்கொள்கிறேன், ஏனென்றால் அடுத்து அவள் சொன்னது சிரிக்கிற விஷயம் இல்லை. ஓலைக் கூரையை எடுத்துவிட்டு ஷீட் போட இரண்டு வருடமாகச் சேர்த்த காசைத்தான் ஆபரேஷனுக்குக் கொடுத்திருக்கிறார்கள். இன்சூரன்ஸ் பணம் வந்ததும் மழைக்கு முன்னால் கூரையைப் போட்டுவிடலாம் என்று இவள்தான் அவரைத் தேற்றிப் படுக்கவைத்தாள். அப்போது ஆவணி பிறந்துவிட்டது. ஐப்பசிக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. "எங்க ஊட்டுக் கூரய நானே பிச்சிப் போட்டுட்டேனே மேடம்" என்றாள். முருகேசன் அவளைத் திட்டவில்லை. அந்த ரெவின்யூ ஸ்டாம்பை எடுத்துத் திரும்பக் காகிதத்தில் மடித்தார். திட்டியிருந்தால் தேவலை என்று எனக்குத் தோன்றியது.

சாரின் அறைக்குப் பாதிக் கதவுதான், வெளியே பேசுவதெல்லாம் கேட்கும். அவர் எழுந்து வந்து, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சரிங்க. சின்ன வயசுல இல்ல. அப்போ எப்போ ஆரம்பிச்சது?"

முருகேசன் யோசித்தார். "போன வருசம் சார். ரயில்ல. பட்டாபிராம்ல ஒருத்தன் அடுக்குக் கேரியரத் தூக்கிப் புட்ச்சிகினு ஏறுனான். நான் டோர்ல நின்னுகினு இருந்தேன். மூக்குலயே உட்டான். ரத்தம் கொட்டுச்சி."

"டாக்டர்கிட்ட போனீங்களா?"

"இன்னாத்துக்கு சார்? ரத்தம் நின்னுடுச்சி. வேலைக்குப் போயிட்டேன்."

"அன்னைக்கே வேலைக்குப் போனீங்களா?"

"போனேன் சார். லேட்டு. டைம் ஆபீஸ்ல பஞ்சு வச்சி உட்டாங்கோ."

சார் கண்ணாடியைக் கழற்றி என் கடிதத்தின்மேல் வைத்தார். "விமலா, அந்தப் பஞ்சுக்குக் கணக்கு யார் எழுதறாங்கன்னு பாத்துட்டு வாங்கம்மா" என்றார்.

மறுநாள் அந்த பிரஸ் ஷாப்புக்குப் போனேன். ஆட்கள் வரும் நேரத்தைக் குறிக்கும் டைம் கீப்பர் வயதானவர், முதலுதவிப் பெட்டிக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை இடுப்பில் செருகியிருந்தார். யாருக்கு எந்த மருந்து கொடுத்தாலும் நோட்டில் எழுதிவிட்டுத்தான் பெட்டியைத் திறப்பாராம். எழுதாமல் ஒரு பிளாஸ்திரி போகாது. போன வருட நோட்டைக் கேட்டதும் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பஞ்சுக்குக் கூடவா இன்சூரன்சு வந்துகினு கீது?"

"பஞ்சுக்கு இல்லைங்க, மூக்குக்கு."

"நோட்டு வெளிய போவாது. இங்கியே உக்காந்து பாத்துக்கோ."

பிரஸ் அடிக்கிற சத்தத்தில் தரை அதிர்ந்துகொண்டே இருந்தது. பக்கம் பக்கமாக விரல் காயம், கண்ணில் தூசி, விரல் காயம். முக்கால்வாசி நோட்டு தாண்டியபின் அந்த வரி இருந்தது. முருகேசன் பெயர், தேதி, 'மூக்கில் ரத்தம், ரயிலில் அடி, பஞ்சு கொஞ்சம், டிஞ்சர்.' எதிரே முருகேசனின் கையெழுத்து. நான் கொண்டுபோன பாலிசி நகலைப் பிரித்துத் தேதியைப் பார்த்தேன். அவர் பெயர் சேர்ந்து இரண்டு மாதம் கழித்து விழுந்த அடி. அந்தக் கஞ்சப் பெரியவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அவர் என்னடாவென்றால், "பஞ்சு கொஞ்சம்னு போட்டுக்கீறேன் பாரு, ஜாஸ்தி ஒண்ணும் குடுக்கல" என்று எனக்குக் கணக்குச் சொன்னார்.

அது மட்டும் போதாது. அடிபட்டது நிஜம். ஆனால் ஆபரேஷன் செய்த வளைவு அந்த அடியால் வந்ததா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். நர்சிங் ஹோமில் இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். சர்ஜன் முன்கோபக்காரர். அவருடைய கேஸ் ஷீட்டைக் காட்டியதும், "இது ஜூனியர் எழுதினது. அந்தம்மா சொன்னதை எழுதியிருக்கான். உள்ளே என்ன இருந்ததுன்னு என்னைக் கேட்டீங்களா?" என்றார்.

கேட்கவில்லைதான். அவருடைய ஆபரேஷன் குறிப்பு அதே பைலில் நான்காவது பக்கத்தில் இருந்தது. நான் முதல் பக்கத்தோடு நின்றுவிட்டேன். பிறவியிலோ வளரும்போதோ வந்த வளைவு எப்படி இருக்கும், அடிபட்டு முறிந்து கூடிய தண்டு எப்படி இருக்கும் என்று என் பென்சிலை வாங்கி என் நோட்டிலேயே வரைந்து காட்டினார். முருகேசனுக்கு இருந்தது இரண்டாவது. அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கிளம்பும்போது, "முழுசாப் படிச்சுட்டு வாங்கம்மா இனிமே" என்றார்.

நோட்டின் அந்தப் பக்கத்தை டைம் கீப்பர் கண்ணெதிரே நகல் எடுத்து, முதலாளி கையெழுத்து வாங்கி, சர்ஜன் கடிதத்தோடு மேலிடத்துக்கு அனுப்பினோம். கூட வைத்த குறிப்பை சார் என்னையே எழுதச் சொன்னார். நான் போட்ட சிவப்புக் கோட்டை அழிக்கட்டுமா என்று கேட்டேன். "இருக்கட்டும்மா. தப்பும் பைல்லதான இருக்கணும்" என்றார். அவர் வாயிலிருந்து வந்த கண்டிப்பு அவ்வளவுதான். எனக்கு அது ஒரு வாரத்துக்குப் போதுமானதாக இருந்தது.

புரட்டாசி மூன்றாம் வாரம் பணம் வந்தது. முருகேசன் வவுச்சரில் ஸ்டாம்பை ஒட்டிக் கையெழுத்துப் போட்டார். அதே ஸ்டாம்ப், மடித்த இடத்தில் கோடு விழுந்திருந்தது. பிறகு, யாரும் கேட்காமலே, சாருக்கு எதிரே நின்று ஒரு பக்க மூக்கை விரலால் அடைத்து மறு பக்கம் மூச்சுவிட்டுக் காட்டினார். பிறகு இந்தப் பக்கத்தை அடைத்து அந்தப் பக்கம். சார் ரொம்ப மரியாதையாக இரண்டையும் கேட்டுக்கொண்டார்.

"இனிமே எந்த டாக்டரு கேட்டாலும் நான் வாயே தொறக்க மாட்டேன்" என்றாள் சரோஜா.

"நீயே சொல்லு. நான் எங்க சொல்லப் போறேன்? ஆனா தேதி போட்டுச் சொல்லு" என்றார் முருகேசன். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். ஆவணிக்குப் பிறகு அவர் அவளிடம் சரியாகப் பேசிய முதல் வார்த்தை அது என்று படியிறங்கும்போது என்னிடம் சொன்னாள்.

அன்று சாயங்காலம் சார் என்னைக் கூப்பிட்டு, "இதே வரிய வச்சு இதுக்கு முன்னாடி எத்தனை மூடினோம்?" என்று கேட்டார். நானும் காலையிலிருந்து அதைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். மூன்று பைல். மூன்று பேருக்கும் நேரில் படித்துக் காட்டியிருந்தேன். மூன்று பேருமே ஆமாம் என்று தலையாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். படித்துச் சொன்னால் மட்டும் போதாது, திருப்பிக் கேட்கவும் வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. மூன்று பேரையும் மறுபடி வரவழைத்தேன். அப்போதுதான் அந்தக் கேள்வியை முதன்முதலாகக் கேட்டேன்: "சின்ன வயசுன்னா, எத்தனாவது படிக்கும்போது?"

ஒருவர் மூன்றாம் வகுப்பு என்றார், வாத்தியார் பேர்கூடச் சொன்னார். அவருக்கு நிஜமாகவே சின்ன வயசிலிருந்துதான். இரண்டாமவர் விழித்தார், பிறகு பள்ளிக்கூடத்தில் ஒன்றும் இல்லை, இப்போதுதான் ஒரு வருடமாக என்றார். அவர் பைலைத் திறந்து பணம் வாங்கிக் கொடுத்தோம். மூன்றாமவர் ஆவடிப் பக்கம் கோவில்பதாகைக்காரர். வந்து, கேட்டுவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று போனார். வரவில்லை. அவர் வீட்டுக்கு நானே இரண்டு தடவை போனேன்; எப்போது ஆரம்பித்தது என்று அவருக்கே உறுதியாகத் தெரியாததால், கடைசியில் பாதித் தொகைக்கு வழி செய்தேன்.

மூன்று பைலும் முடிந்த அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போதுதான் நீல ஏப்ரன் போட்ட அந்தப் பெண் நினைவுக்கு வந்தாள்.

அவளுக்குப் பைல் கிடையாது. அவள் ஆபரேஷனே செய்துகொள்ளவில்லையே, செய்யலாமா என்று கேட்கத்தானே வந்தாள். பெயர் நான் கேட்கவில்லை. அடுத்த நாள் சாப்பாட்டு நேரத்தில் அந்த காயில் யூனிட் வாசலில் போய் நின்றேன். நூறு பேருக்கு மேல் பெண்கள், எல்லோரும் அதே நீல ஏப்ரன். முகம் எனக்கு ஞாபகம் இல்லை. குரல்தான் ஞாபகம். வாசலில் நின்றுகொண்டு ஒவ்வொருத்தியையும் பேசச் சொல்ல முடியுமா? அந்த யூனிட் ஆபீஸில் விசாரித்தேன். வருடத்துக்குப் பாதிப்பேர் மாறிவிடுவார்கள் என்றார்கள். மூன்று நாள் போய் நின்றேன். நாலாம் நாள் போகவில்லை.

அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை, பஸ்ஸிலோ ரயிலிலோ யாராவது மூக்கடைத்த குரலில் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னால் திரும்பிப் பார்ப்பேன். அவள் எனக்குத் தாங்க்ஸ் சொல்லிவிட்டுப் போனாள் என்பதை என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை.

யூனிட் வாசலுக்குப் போவதை நிறுத்திய அன்று சாயங்காலம் கள்ளிக்குப்பத்தில் ஒரு கடையில் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். மறுநாள் முதல் அது என் கவுண்டரில் இருந்தது. பணம் கிடைக்குமா என்று வாயால் கேட்டுவிட்டுப் போகிற எல்லோருடைய பெயரையும், வேலை பார்க்கும் இடத்தையும், நான் என்ன பதில் சொன்னேன் என்பதையும் எழுதி வைத்தேன். வேலையை விடும்போது அப்படிப் பதினோரு நோட்டு சேர்ந்திருந்தது. முதல் நோட்டின் முதல் பக்கத்தில், முதல் வரியை மட்டும் காலியாக விட்டுவிட்டுத்தான் எழுத ஆரம்பித்தேன்.